புதிதாகக் கார் வாங்கியவருக்கு: பொத்தான்களும் ரிமோட் ஸ்டார்ட்டும்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் கொஞ்ச நாளில் நாலு புதுக் கார் வந்துவிட்டது. புது என்றால் நமக்குத்தான் புது. ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்தவை. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பவும் தொடங்கியதால், முன்பே இங்கே ஓடிக்கொண்டிருந்த கார்களும் கைமாறத் தொடங்கின. பின்னேரம் ஆனால் யாராவது ஒருவர் திறப்பைக் கையில் ஏந்தியபடி வாசலில் நிற்பார். "அண்ணா, இந்த வட்ட அம்புக்குறி போட்ட பொத்தான் என்னத்துக்கு?"

அது ரிமோட் ஸ்டார்ட். வீட்டுக்குள் இருந்தபடியே எஞ்சினை இயக்கி, ஏசி போட்டு, காரைக் குளிர வைக்கிற பொத்தான். அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. முதலில் காருக்குள் ஏற்றி உட்கார வைப்பேன். காரணம் இதுதான்: ரிமோட்டில் ஸ்டார்ட் செய்வது, நீங்கள் இல்லாத நேரத்தில் கண் தெரியாத ஒருவர் உங்கள் ஆசனத்தில் அமர்ந்து திறப்பைத் திருப்புவது மாதிரி. கியர் எதில் கிடக்கிறது, ஹான்ட் பிறேக் இழுத்திருக்கிறதா, பொனற்றுக்குள் பூனை படுத்திருக்கிறதா, எதுவும் அவருக்குத் தெரியாது. நீங்கள் இறங்கும்போது காரை எப்படி விட்டீர்களோ அப்படியே அவர் இயக்குவார். ஆகவே ஸ்டார்ட் செய்கிற வேலையில் பாதி, காரை நிறுத்துகிற நேரத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

முதல் நாள் ஓடாதீர்கள், உட்காருங்கள்

கார் வந்த அன்றே கோணேசர் கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூசை போட்டுத் தேசிக்காய் நசுக்க ஆசைதான். போகலாம். அதற்கு முதல் நாள் ஓர் அரை மணித்தியாலம் வீட்டு முற்றத்தில், எஞ்சின் போடாமல், சும்மா உட்காருங்கள்.

1. ஆசனத்தைச் சரிசெய்யுங்கள். பிறேக்கை அடிவரை அமுக்கிப் பிடித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். பிறகுதான் கண்ணாடிகள். ஆசனத்துக்கு முன் கண்ணாடியைத் திருப்பினால் இரண்டு தரம் திருப்ப நேரிடும்.

2. கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடுங்கள்: சிக்னல், வைப்பர், ஹோர்ன், நாலு லைற்றும் ஒன்றாக அடிக்கிற அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தான். இருட்டில், மழையில், மாடு குறுக்கே வரும்போது பார்த்துத் தேட நேரம் கிடைக்காது.

3. பிறேக்கைத் தொடாமல் ஸ்டார்ட் பொத்தானை ஒருதரம் அமுக்குங்கள். ரேடியோ உயிர்பெறும். இரண்டாம் தரம் அமுக்கினால் மீற்றரில் எல்லா விளக்கும் எரியும். மூன்றாம் தரம் எல்லாம் அணையும். பெரும்பாலான ஜப்பான் கார்களில் இதுதான் ஒழுங்கு.

4. இப்போது பிறேக்கை அமுக்குங்கள். டொயோட்டாவில் பொத்தானில் இருக்கிற சின்ன விளக்கு பச்சையாகும். பச்சை என்றால் "திறப்பைக் கண்டுகொண்டேன், அமுக்கலாம்" என்று அர்த்தம். பச்சை மினுங்கிக்கொண்டே இருந்தால் ஸ்டியரிங் பூட்டு விடவில்லை. ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்தபடி அமுக்கினால் விடும்.

ஹைபிரிட் கார் (பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது) என்றால் இங்கே ஓர் ஏமாற்று இருக்கிறது. எஞ்சின் சத்தமே வராது. மீற்றரில் "ரெடி" என்று எழுத்து வரும், அவ்வளவுதான். சத்தம் இல்லை என்பதால் நின்றுவிட்டதாக நினைத்துத் திறப்போடு இறங்கி வீட்டுக்குள் போகிறவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் பற்றரி இறங்க, எஞ்சின் தானாகவே இயங்கத் தொடங்கும். மூடிய கராஜாக இருந்தால் அந்தப் புகை வீட்டுக்குள் வரும். இறங்குமுன் மீற்றர் முழுக்க இருண்டுவிட்டதா என்று பார்ப்பதை ஒரு பழக்கமாக்குங்கள்.

கியரில் இன்னொரு குழப்பம். அக்குவா, பிரியஸ் போன்ற டொயோட்டா ஹைபிரிட்டுகளில் பார்க்கிங்குக்கு ஒரு "பி", எஞ்சினால் வேகத்தைக் குறைக்க இன்னொரு "பி". ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து (P, B). நம் வாயில் இரண்டும் ஒன்று. இரண்டாவது "பி" நுவரெலியா இறக்கத்தில் உதவும். திருகோணமலையில் உவர்மலையை விட்டால் அதற்கு வேலை இல்லை. நிறுத்தும்போது மீற்றரில் பார்க்கிங் எழுத்து தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள், கைப்பழக்கத்தை நம்பாதீர்கள். பிரியஸில் பார்க்கிங்குக்குத் தனிப் பொத்தானே வைத்திருக்கிறார்கள்.

ஓடும்போது எஞ்சினை நிறுத்த வேண்டிய அவசரம் வந்தால்? ஒருதரம் தட்டினால் நிற்காது. டொயோட்டாக்களில் 2 வினாடிக்கு மேல் அமுக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது 3 தரத்துக்குக் குறையாமல் அடுத்தடுத்துத் தட்ட வேண்டும். அதற்கு முன் பிறேக்கை இறுக்கி மிதித்துக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் நின்றதும் ஸ்டியரிங்கும் பிறேக்கும் பாரமாகிவிடும், பயப்படாமல் பலமாகப் பிடிக்க வேண்டும். இதை வீட்டில் ஒருதரம் வாயால் சொல்லிப் பார்த்து வைப்பது நல்லது.

ஜப்பான்காரரின் கார் பேசும் பாஷை

ஜப்பானில் ஓடுவதற்கென்று செய்த கார்களில் சிக்னல் தண்டு வலப்பக்கம், வைப்பர் இடப்பக்கம். ஐரோப்பியக் காரில் நேர்மாறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியவர் முதல் கிழமை முழுக்கச் சந்திக்குச் சந்தி வைப்பரைத்தான் போடுவார். நானும் போட்டேன்.

ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு பெண் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்வார். பயப்பட ஒன்றுமில்லை. அங்கே நெடுஞ்சாலைக் கட்டணம் அறவிடுகிற அட்டை ஒன்று இருக்கிறது. அதைச் செருகவில்லை என்கிறார். அந்தப் பெட்டி பெரும்பாலும் டாஷ்போர்ட்டின் கீழ் ஒளிந்திருக்கும். கராஜில் மின்வேலை செய்கிற எலெக்ட்ரிக் பாஸ் ஒருவர் அதன் இணைப்பைக் கழற்றினால் அமைதி. ரேடியோவும் அப்படித்தான். ஜப்பானில் பழைய எஃப்எம் அலைவரிசை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை. நம்முடையது 108 வரை போகிறது. அதனால் பாதி நிலையங்கள் பிடிக்காது. ரேடியோ பழுது என்று எவரும் சொல்லிப் புதிது விற்க விடாதீர்கள். அலைவரிசை மாற்றி என்று ஒரு சின்னப் பெட்டி போதும்.

மாரிக்கு ஒரு குறிப்பு. ஐப்பசி தொடங்கித் தை வரை இங்கே மழை பிடித்தால் பிடித்ததுதான். நாலு பேர் நனைந்து ஏறினால் முன்கண்ணாடி ஒரு நிமிடத்தில் வெள்ளையாகும். துணியால் துடைக்காதீர்கள். விசிறி வடிவக் கண்ணாடியில் மூன்று வளைந்த அம்பு போட்ட பொத்தானை அமுக்கி, ஏசியைப் போட்டு, காற்று வெளியிலிருந்து வருகிற மாதிரி மாற்றுங்கள். காருக்குள் சுழல்கிற காற்றை வைத்திருந்தால் ஈரம் வெளியே போகாது. மழைக்கு ஏசியா என்று அம்மா கேட்பார். ஏசிதான் காற்றின் ஈரத்தை எடுக்கிறது.

இனி அந்த வட்ட அம்புக்குறி

ரிமோட் ஸ்டார்ட் மூன்று வகையில் நம் கையில் வந்து சேர்கிறது. தொழிற்சாலையிலேயே வைத்தது: காரின் சொந்தத் திறப்பிலேயே பொத்தான் இருக்கும். ஜப்பானில் குளிர்ப் பகுதிக்காரர் பின்னர் பூட்டியது: பனியில் உறைந்த காரைச் சூடாக்கக் கார்மேட், யூபிடெரு, கொம்டெக் போன்ற நிறுவனங்களின் கருவிகளை வாங்கிப் பூட்டுவார்கள், முன்கண்ணாடியின் ஓரத்தில் சின்ன அன்ரெனா ஒட்டியிருக்கும், ரிமோட் தனியாக வரும். மூன்றாவது, இங்கே கராஜில் பூட்டுவது. அவர்கள் குளிருக்குச் செய்ததை நாம் வெயிலுக்குப் பாவிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்ரெனா இருந்து ரிமோட் இல்லையென்றால், கப்பலேறும்போதே தொலைந்திருக்கும். உள்ளே இருக்கிற பெட்டி அப்படியும் பற்றரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். முறையாகக் கழற்றிவிடச் சொல்லுங்கள். பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்றாம் தலைமுறைக் கார்கள் சிலவற்றின் திறப்பில் ஏசி என்று ஒரு பொத்தான் இருக்கும். அது எஞ்சினை இயக்குவதில்லை. ஹைபிரிட் மோட்டாருக்கான பெரிய பற்றரியிலிருந்து ஏசியை மட்டும் 3 நிமிடம் வரை ஓட்டும். நம் ஊருக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரியான வசதி, ஆனால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

சரி, நிறுத்தும்போது செய்ய வேண்டியவை. கியர் பார்க்கிங்கில். ஹான்ட் பிறேக் இழுத்தபடி. உவர்மலை ஏற்றத்தில் இருப்பவர்களுக்கு இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. லைற், வைப்பர், பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாம் நிறுத்தியபடி. ஏசியைப் போட்ட நிலையில், விசிறியைப் பாதிக்கு மேல், காற்று உள்ளே சுழல்கிற மாதிரி வைத்துவிட்டு அப்புறம் எஞ்சினை நிறுத்துங்கள். கையால் திருகுகிற ஏசியாக இருந்தால் இது கட்டாயம். திருகை நிறுத்திவிட்டுப் போனால் ரிமோட்டில் எஞ்சின் பத்து நிமிடம் சும்மா ஓடும், காருக்குள் சூடு அப்படியே இருக்கும். ரேடியோவைக் குறைத்து வையுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு என் கார் முழுச் சத்தத்தில் சுப்ரபாதம் பாடி ஒழுங்கையையே எழுப்பியது ஒருதரம்.

கதவுகளைப் பூட்டுங்கள். தொழிற்சாலை வகையில் ஸ்டார்ட் செய்ய முதலில் பூட்டுப் பொத்தானை ஒருதரம் அமுக்க வேண்டும், உடனே ஸ்டார்ட் பொத்தானைச் சில வினாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். பின்னர் பூட்டியவற்றில் ஸ்டார்ட் பொத்தானை மட்டும் பிடித்தால் போதும். சிக்னல் லைற் மினுங்கும், பிறகு எஞ்சின். ரிமோட்டில் சின்னத் திரை அல்லது பீப் ஒலி இருந்தால் ஸ்டார்ட் ஆனதை அதுவே சொல்லும். இல்லாவிட்டால் கார் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று அமுக்குங்கள். சுவர் நடுவே வந்தால் அலை எட்டுகிற தூரம் நன்றாகக் குறையும். பெட்டியில் அச்சடித்த தூரம் திறந்த வெளிக்குரியது.

பல கார்களில் 10 நிமிடத்தில் தானே நின்றுவிடும். என் கருத்தில் நாலு, ஐந்து நிமிடத்துக்கு மேல் தேவையே இல்லை. நின்றபடி ஓடுகிற எஞ்சினில் ஏசி அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. கதவைத் திறந்து உள்ளே கிடக்கும் அனல் வெளியேறவிட்டு, ஜன்னல்களை இறக்கியபடி அரை நிமிடம் ஓடினால் மீதிச் சூடும் போய்விடும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் வீசுகிற காலத்தில் (கடிக்கிற கச்சான் அல்ல, தோலை உரிக்கிற கச்சான்) மத்தியானம் டச்சுக் குடாப் பக்கம் நிறுத்திய காரின் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்பது உண்மைதான். அதற்கும் முன்கண்ணாடிக்கு ஒரு வெள்ளித்தாள் மறைப்பும் வேப்பமர நிழலும் ரிமோட்டை விட மலிவு.

ஏறுகிற இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கதவைத் திறந்து அமர்ந்து, பழக்கத்தில் பிறேக்கை மிதிப்பார்கள். எஞ்சின் பட்டென்று நிற்கும். உடனே "பழுது" என்பார்கள். பழுதில்லை, திருடனைத் தடுக்கிற ஏற்பாடு. திறப்புப் போடுகிற கார் என்றால் பிறேக்கைத் தொடுமுன் திறப்பைச் செருகி "ஒன்" வரை மட்டும் திருப்ப வேண்டும். ஸ்டார்ட் வரை திருப்பக் கூடாது, எஞ்சின் ஏற்கெனவே ஓடுகிறது. பொத்தான் வகையில் திறப்பு உங்களிடம் இருக்க, பிறேக்கை மிதித்தபடி பொத்தானை ஒருதரம் அமுக்கினால் ஓட்டம் உங்கள் கைக்கு மாறும். சில கார்களில் கதவைத் திறந்தாலே எஞ்சின் நிற்கும். அதுவும் வடிவமைப்புத்தான். உங்கள் கார் எந்த வகை என்று முற்றத்தில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் ஆக மறுத்தால், கருவி பெரும்பாலும் சரியாகத்தான் மறுக்கிறது. ஒரு கதவு முழுக்க மூடவில்லை. பொனற் சரியாகப் பூட்டவில்லை. கியர் பார்க்கிங்கில் இல்லை. திறப்பை உள்ளேயே விட்டுவிட்டீர்கள். மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது. இந்த ஒழுங்கில் பாருங்கள். எல்லாம் சரி என்றால் ரிமோட்டின் பற்றரி.

அமுக்கவே கூடாத நேரங்கள்

மூடிய கராஜ், தகரக் கொட்டில், வீட்டோடு ஒட்டிய போர்ட்டிகோ. புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுக்கையறை ஜன்னல் பக்கம் புகைக்குழாய் இருந்தால் தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. பெற்றோல் நிலையத்தில் வேண்டாம். காருக்குள் பிள்ளை இருக்கும்போது வேண்டாம். காருக்குச் சீலை போட்டு மூடியிருந்தால் வேண்டாம்.

மாரி இரவில் எஞ்சின் சூட்டுக்கு ஏங்கிப் பூனைகள் பொனற்றுக்குள் ஏறிப் படுக்கும். கையால் ஸ்டார்ட் செய்கிறவர் கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே அது ஓடிவிடும். ரிமோட்டில் அந்த எச்சரிக்கை கிடையாது. விடியவில் அமுக்குவதாக இருந்தால் முதலில் போய்ப் பொனற்றில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

கையால் கியர் மாற்றுகிற காருக்கு ரிமோட் ஸ்டார்ட் பூட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. கியரில் விட்டுப் போன காரை ரிமோட்டில் இயக்கினால் அது முன்னே பாயும். அதற்கென்று பாதுகாப்பு முறைகள் விற்கிறார்கள். ஒருநாள் அசதியில் அந்த முறையைத் தாண்டிவிட ஒரு மனிதனுக்கு அதிக நேரம் தேவையில்லை.

இங்கே பூட்டுவதானால்

கராஜில் விலை கேட்குமுன் இவற்றைக் கேளுங்கள். பொனற் சுவிச் போடுவீர்களா? பிறேக் வயர் இணைப்பீர்களா? வயர்களை ஈயம் வைத்து ஒட்டுவீர்களா, அல்லது கவ்வி போட்டு நசுக்குவீர்களா? உப்புக்காற்றில் நசுக்கிய இணைப்பு நாளடைவில் பச்சை பிடித்து விட்டுப்போகும். அடுத்தது முக்கியம்: திருட்டுத் தடுப்பை (உரிய திறப்பு இல்லாமல் எஞ்சினை எடுக்கவிடாத ஏற்பாடு) எப்படித் தாண்டப் போகிறீர்கள்? சிலர் உங்கள் இரண்டாவது திறப்பை வாங்கி அதன் மின்னணுச் சில்லை (சிப்) டாஷ்போர்ட்டுக்குள் ஒளித்து வைப்பார்கள். அப்படிச் செய்தால் காருக்குள்ளேயே ஒரு திறப்பு நிரந்தரமாகக் கிடக்கிறது. அதற்கென்று இருக்கிற மின்னணுக் கருவியைப் போடச் சொல்லுங்கள். ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் நிற வயரின் பக்கம் எவரது கையும் போகக் கூடாது. பிரியஸின் பெரிய பற்றரி 200 வோல்ட்டுக்கு மேல்.

பொனற் சுவிச் என்பது பொனற்றின் கீழ் இருக்கிற, பேனா மூடி அளவான ஒரு குமிழ். பொனற் மூடினால் உள்ளே அமுங்கும், திறந்தால் மேலே எழும்பும். எழும்பினால் கருவி "யாரோ எஞ்சினில் கை வைத்திருக்கிறார்" என்று புரிந்துகொண்டு ஸ்டார்ட் செய்யாது. கடற்கரை ஊரில் முதலில் கறள் பிடிப்பது இதுதான். பல கருவிகளில் கறள் பிடித்தால் அது எழும்பியும் சொல்லாது; பொனற் மூடியிருக்கிறது என்றே கருவி நினைக்கும். ஆகவே மாதம் ஒருதரம் பொனற்றைத் திறந்துவிட்டு, கிட்ட யாரும் இல்லாமல், தள்ளி நின்று ரிமோட்டை அமுக்குங்கள். எஞ்சின் எடுக்கக் கூடாது. எடுத்தால் அன்றே கராஜுக்குப் போங்கள், ரிமோட்டை அலுமாரிக்குள் வையுங்கள்.

உப்பும் திறப்பும்

என் சொந்தக் கதை ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன் மட்டக்களப்பிலிருந்து சொந்தக்காரர் வந்திருந்தார்கள். நிலாவெளிக்குப் போனோம். காற்சட்டைப் பையில் திறப்போடு நான் கடலில் இறங்கியதை, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபோதுதான் உணர்ந்தேன். கரைக்கு வந்து அமுக்கினால் பதில் இல்லை. பரவாயில்லை, திறப்புக்குள் ஓர் இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கும், பக்கத்துச் சின்ன நாக்கைத் தள்ளினால் கழன்று வரும். வந்தது. சாரதிக் கதவின் துளைக்குள் போட்டேன். திரும்பவில்லை. வாங்கி நாலு வருடம், அந்தத் துளையை ஒருநாளும் பாவித்ததில்லை. உப்பும் மணலும் உள்ளே இறுகிக் கல்லாகியிருந்தன. மத்தியானம் ஒரு மணி. பிள்ளைகள் பசியில் அழ, மச்சான் கண்ணாடியை உடைக்கலாம் என்று கல் தேடத் தொடங்கிவிட்டான்.

கிண்ணியாவிலிருந்து எனக்குத் தெரிந்த எலெக்ட்ரிக் நானா மோட்டார்சைக்கிளில் வந்தார். "தம்பி, திறப்பையும் குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போனீங்களா?" என்று மட்டும் கேட்டார். துளைக்குள் எண்ணெய் பீச்சி, திறப்பைப் பலமாகத் திருகாமல் ஓர் அரிசி மணி அளவு இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. கூடவே அலாரமும் அலறியது. அவர் உள்ளே அமர்ந்து, செத்துப்போன திறப்பின் முத்திரை இருக்கிற பக்கத்தை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தார். ஒரு பீப். பிறேக்கை மிதித்து அமுக்கினார். ஸ்டார்ட். திறப்புக்குள் பற்றரி இல்லாமலே இயங்குகிற ஒரு சில்லு இருக்கிறது, அதைத்தான் கார் படித்தது. உங்கள் திறப்பு செத்தாலும் செய்ய வேண்டியது அதுவேதான். பீப் கேட்டபின் தாமதிக்காமல் சில வினாடிக்குள் பொத்தானை அமுக்க வேண்டும்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு இரும்புத் திறப்பால் ஒருதரம் கதவைத் திறந்து மூடுகிறேன். கடற்கரைக்குப் போய்வந்தால் காரின் அடிப்பக்கத்தையும் கதவுப் பிடிகளையும் நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். பிடியில் இருக்கிற சின்னக் கறுப்புப் பொத்தானின் இடுக்கில்தான் மணல் முதலில் ஏறும்.

திறப்பு கடலில் விழுந்தால்: உடனே பிரித்து நாணய பற்றரியைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கிற தகட்டைப் போத்தல் தண்ணீரால் அலசுங்கள், உப்புத்தான் தகட்டைத் தின்கிறது, தண்ணீர் அல்ல. பார்மசியில் விற்கிற சேர்ஜிகல் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பஞ்சால் துடைத்து, விசிறியின் கீழ் ஒரு நாள் விடுங்கள். அரிசிக்குள் புதைத்தால் உப்பு போகாது, அரிசித் தூசுதான் ஒட்டும். வெயிலில் காய வைக்காதீர்கள்.

நாணய பற்றரி வருடம் ஒன்று, இரண்டு வரும். தூரம் குறைந்தால், அல்லது மீற்றரில் திறப்புப் படம் வந்தால் மாற்றுங்கள். திருப்பிப் பார்த்தால் இலக்கம் இருக்கும். சிஆர் 2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2. சிஆர் 2025 அதே வட்டம், தடிப்பு 2.5. கடைக்காரர் "இரண்டும் ஒன்றுதான்" என்பார், ஒன்றல்ல. மெல்லியது உள்ளே ஆடும். திறப்பைப் பிரிக்கும்போது ஸ்குரூட்ரைவர் நுனியில் துணி சுற்றுங்கள். கூட்டல் குறி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுங்கள். பழையதைக் குசினி மேசையில் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் தொண்டையை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வீடும் காரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் திறப்பும் காரும் இரவெல்லாம் பேசிக்கொண்டு பற்றரியைத் தின்னும். டொயோட்டா ஸ்மார்ட் திறப்புகளில் பூட்டுப் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி திறக்கிற பொத்தானை இரண்டு தரம் தட்டினால் சின்ன விளக்கு நாலு தரம் மினுங்கும், திறப்பு உறங்கிவிடும். விழிக்க வைக்க எந்தப் பொத்தானையாவது அமுக்கினால் போதும்.

12 வோல்ட் பற்றரி

ரிமோட் ஸ்டார்ட் வைத்திருப்பவர் 12 வோல்ட் பற்றரியை மற்றவரை விடக் கவனிக்க வேண்டும். காரணம், அந்தப் பெட்டி நாள் முழுக்க அலைக்காகக் காது கொடுத்தபடி இருக்கிறது. வோல்ட் மீற்றர் வைத்துப் பாருங்கள்: இரவு ஓய்வுக்குப் பின் 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2க்கு வந்தால் பாதி தீர்ந்தது. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். சிக்னலில் தானாக எஞ்சின் நின்று ஓடுகிற வாகன் ஆர் போன்ற கார்களுக்கு அதற்கென்று பற்றரி உண்டு. மலிவு என்று சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரமே இறந்துவிடும்.

முனையில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். கழற்றும்போது கழித்தல் முனை முதலில், பூட்டும்போது அது கடைசியில். காய்ந்தபின் வாஸ்லின் தடவுங்கள். அக்குவாவில் இந்தப் பற்றரி பின் ஆசனத்தின் கீழ், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் டிக்கிக்குள். பொனற்றைத் திறந்து தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அந்த ஹைபிரிட்டுகளில் பின் ஆசனத்தின் பக்கம் ஒரு காற்றுச் சல்லடை இருக்கும், பெரிய பற்றரி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அதன் மேல் பையைச் சாத்தி வைக்காதீர்கள்.

பற்றரி முழுக்கச் செத்தால் கியர் பார்க்கிங்கிலிருந்து அசையாது. கன்னியா வெந்நீரூற்று வாசலில் ஒரு குடும்பம் அப்படி நின்றதைப் பார்த்தேன். ஆறு பேர் தள்ளியும் கார் நகரவில்லை. பல கார்களில் கியர்த் தண்டின் பக்கத்தில் நகம் அளவான ஒரு மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்து, ஹான்ட் பிறேக் இழுத்தபடி, பிறேக்கையும் மிதித்துக்கொண்டு, துளைக்குள் திறப்பின் நுனியை அமுக்கிப் பிடித்தால் தண்டு நியூட்ரலுக்கு வரும். அன்று அதற்கு எடுத்தது இருபது வினாடி.

கராஜுக்குக் கொடுக்கும்போது

சேர்விஸுக்கு விடுமுன் ரிமோட் ஸ்டார்ட்டை முடக்குங்கள். பின்னர் பூட்டியவற்றில் வலே முறை என்று ஒன்று இருக்கும், அல்லது டாஷ்போர்ட்டின் கீழ் ஒரு சின்ன ஒன்-ஓஃப் சுவிச். பெல்ற்றுக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு பொடியன் கை வைத்திருக்கும்போது, வீட்டில் உங்கள் மகன் ரிமோட்டை எடுத்து விளையாட, அலை எட்டிவிட்டால் பொனற் சுவிச் ஒன்றுதான் காப்பாற்ற வேண்டும். அந்தச் சுவிச்சுக்குக் கறள் பிடித்திருக்கலாம் என்று மேலே சொன்னேன். முடக்கிவிட்டேன் என்பதைப் பாஸிடம் வாயாலும் சொல்லுங்கள். ரிமோட்டைக் கராஜில் கொடுக்காமல் உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காரை ஓட்ட அவருக்குத் திறப்பு மட்டும் போதும்.